பாட்டு முதலா, பை முதலா?

அட்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகுவதையும் மாமியாரின் முழங்கால் வலியையும் எழுதிவிட்டு, கடைசியில் எனக்கு ஒரு குத்துக் குத்தியிருக்கிறாய். மகளிர் தினத்துக்கு எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அமெரிக்கப் பாடகி பியோன்சேயின் பாட்டுக்கு ஆடினார்கள் என்று நான் பெருமையாக எழுதினேன். நீயோ, "கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவள் 'உலகத்தை ஆள்வது பெண்கள்தான்' என்று பாடினால் கொழுந்துக் கூடை சுமக்கிறவளுக்கு என்ன வந்தது? பாட்டு நல்லதென்றால் யார் பாடினாலும் ஒன்றுதானே" என்று கேட்கிறாய்.

முதல் கேள்வி நியாயமானது, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் யார் பாடினாலும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

'ரெஸ்பெக்ட்', அதாவது 'மரியாதை' என்ற அமெரிக்கப் பாட்டை எடுத்துக்கொள். அதை 1965-ல் எழுதிப் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங் என்ற ஆண். உழைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், எனக்குரிய மரியாதையைக் கொடு என்று வீட்டுக்காரியிடம் கேட்கிற பாட்டு. நம் தோட்டத்து லய வீடுகளில் சாயங்காலமானால் இசையில்லாமலே கேட்குமே, அதேதான். 1967-ல் அரீதா ஃபிராங்க்ளின் என்ற கறுப்பினப் பாடகி அதை எடுத்துத் தன் சகோதரிகளைப் பின்பாட்டுப் பாட வைத்து, சில வரிகளும் சேர்த்துப் பாடினார். மிச்சம் பெரும்பாலும் பழைய சொற்கள்தான். ஆனால் அதுவரை மரியாதை கேட்டுக்கொண்டிருந்த ஆண், அன்றிலிருந்து அதைக் கொடுக்கவேண்டியவன் ஆகிவிட்டான். பெண்கள் இயக்கமும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டன.

குரல் மட்டும் காரணமில்லை. கறுப்பினப் பாடகர்களைப் பாடவைத்துவிட்டுக் காசு கொடுக்காமல் ஏமாற்றிய முதலாளிகளை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அதனால் மேடை ஏறுமுன் கூலியை ரொக்கமாக எண்ணி வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். பை கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இருக்கவேண்டும். 2015-ல் வாஷிங்டனில் ஒபாமா உட்கார்ந்திருந்த அரங்கில்கூடக் கைப்பையோடு மேடைக்கு வந்து, அதைப் பியானோ மேல் வைத்துவிட்டுத்தான் பாடினார். அவருடைய வாழ்க்கை குறையில்லாத வாழ்க்கை என்று சொல்லவில்லை. முதல் கணவர்தான் அவருக்கு மேலாளர், அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. தனக்கே கிடைக்காமல் இருந்ததைத்தான் அவர் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் நம்பவும் முடிகிறது.

நம் தோட்டங்களில் 1984 வரைக்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம். சமமாக்கிய பிறகும், சம்பள நாளில் புருஷனோ அப்பாவோ போய் வாங்கிவருகிற வழக்கம் போகவில்லை. உன் அம்மாவின் சம்பளம் யார் கைக்குப் போனது, அதில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? அம்மாவுக்கு அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. கைப்பை விஷயத்தைச் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். ஒருத்தி எழுந்து, "அப்போ டீச்சர், பாட்டு முதலா பை முதலா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நல்ல கேள்வி, இல்லையா?

என் மகள், இன்னொரு அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்டின் கட்சி. தன்னிடம் தவறாக நடந்த வானொலிக்காரர் மீது 2017-ல் ஒரேயொரு டாலர் இழப்பீடு கேட்டு வென்றது, தன் பாட்டுகளின் மூலப்பதிவு பிறர் கைக்குப் போனதும் அதே பாட்டுகளைத் திரும்பப் பாடி வெளியிட்டது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சரி, அதுவும் கணக்கில் சேரும்.

பியோன்சே விஷயத்தில்தான் எனக்கு மனம் இரண்டாக இருக்கிறது. நம் பிள்ளைகள் ஆடிய அந்தப் பாட்டு 2011-ல் வந்தது. அதே ஆண்டில்தான், அதுவரை தன் தொழிலை நடத்திவந்த அப்பாவை மேலாளர் பொறுப்பிலிருந்து விலக்கித் தானே பொறுப்பெடுத்தார். இங்கே அப்பாவின் கையிலிருந்து வங்கிப் புத்தகத்தை வாங்குவதற்கே ஒரு பெண் என்ன பாடுபடுகிறாள்! மேடையில் அவருக்கு வாசிக்கப் பெண்கள் மட்டுமே கொண்ட இசைக்குழுவையும் வைத்திருந்தார். வெறும் பாட்டுப் பேச்சு இல்லை என்று இதையெல்லாம் பார்த்து நம்பினேன்.

2016-ல் அவர் பங்காளியாக இருந்து 'ஐவி பார்க்' என்ற விளையாட்டு உடைகள் வந்தன. பெண்களுக்குத் தெம்பு தருகிற உடை என்றுதான் விளம்பரம். ஒரு மாதம் போல ஆனதும், அவற்றைத் தைப்பது இலங்கையில் நாளொன்றுக்கு 4.30 ஸ்டேர்லிங் பவுணுக்கு வேலை செய்யும் பெண்கள் என்று ஒரு பிரித்தானியப் பத்திரிகை எழுதியது. நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை, தங்கள் விதிமுறைகள் கடுமையானவை என்றது. சட்டப்படி பார்த்தால் குறை இல்லாமலும் இருக்கலாம். ஆனால் உன் நாத்தனாரைப் போல எத்தனை லயத்துப் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்த் தைக்கிறார்கள்! அந்த இடத்தில் உன் கேள்வி என்னையும் குத்துகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பெயர் தெரியாத ஒருத்தி பாடியிருந்தால் அந்தச் செய்தியே வந்திருக்காது. பாட்டை நம்பியவர்கள்தான் அவரிடம் கணக்கும் கேட்டார்கள்.

அமெரிக்காவை விடு. நம் மலையகத்திலேயே மீனாட்சியம்மாள் நடேசய்யர் இல்லையா? வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போட்ட காலம். அவர் கணவர், தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்தார் என்கிறார்கள். அந்த நாளிலேயே அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் நின்று தானே கட்டிய பாட்டுகளைப் பாடினார், 1940-ல் சிறு நூலாகவும் போட்டார். அவர் நட்சத்திரம் இல்லை, இசைத்தட்டும் இல்லை. பாடியவர் தொழிற்சங்க வேலையில் தங்களோடு நிற்கிற பெண் என்று கேட்டவர்களுக்குத் தெரியும், அதுவே போதுமாக இருந்தது. அடுத்த மகளிர் தினத்துக்கு அவர் பாட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. மெட்டு யாருக்காவது நினைவிருக்குமா என்று உங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் விசாரித்து எழுது. பியோன்சே பாட்டையும் நிறுத்தப்போவதில்லை, பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இருமல் குறைந்துவிட்டது. மூத்தவன் கொழும்பில் வேலையை மாற்றிக்கொண்டான், சம்பளம் கொஞ்சம் கூட. மாமியாருக்கு நொச்சி ஒத்தடம் கொடுத்துப் பார். ஆகஸ்ட் விடுமுறைக்கு பண்டாரவளைப் பக்கம் வருவதாக இருக்கிறோம். நாத்தனார் அப்போது ஊரில் இருந்தால் அவளையும் நிறுத்திவை, அவள் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறாள் என்று கேட்கவேண்டும்.

அன்புடன்,
கமலா