இருபத்தொரு புத்தகம் முடித்துவிட்டேன், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ விட்டுவிட்டுப் போன டேப்லட் ஐந்து மாதமாக என்னிடம்தான் இருக்கிறது. கரண்ட் பில் கட்டத்தான் எடுத்தேன். உள்ளே கருநீலக் கூந்தலும் பெரிய கண்களுமாக ஒரு சிறுமி படம் போட்ட புத்தகங்கள் வரிசையாக இருந்தன. நீ காலேஜ் படிக்கும்போது இதே மாதிரி அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த வயசில் பொம்மைப் புத்தகமா" என்று திட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் 'Ascendance of a Bookworm' என்று பெயர். ஜப்பானில் மியா கஸுகி என்பவர் 2013-ல் இணையத்தில் தொடராக எழுத ஆரம்பித்து 2017-ல் முடித்த கதையாம். 677 அத்தியாயங்கள், அச்சில் 33 புத்தகங்கள். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டுப் படித்த எங்களுக்கு இது ஒன்றும் மலைப்பில்லை. முதல் மூன்று புத்தகம் கொஞ்சம் இழுவைதான். புத்தகப் பைத்தியமான ஒரு பெண் செத்து, எழுத்தே இல்லாத ஒரு ஏழை வீட்டில் மைன் என்ற நோஞ்சான் குழந்தையாகக் கண் விழிக்கிறாள். படிக்கப் புத்தகம் இல்லை, அதனால் காகிதம் செய்யக் கிளம்புகிறாள். நடுவில் ஷாம்பு வேறு.

எனக்குக் கதை பிடிபட்டது கோயில் வரும் இடத்தில்தான். யுர்கன்ஷ்மிட் ராஜ்ஜியத்தில் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்திருக்கிறது. ஜெயித்தவர்கள் தோற்றவர்களைக் களையெடுத்ததில் பிரபுக்கள் குறைந்துபோனார்கள். மந்திர சக்தி பெரும்பாலும் அவர்களிடம்தான். அது நிலத்தில் இறங்கினால்தான் பயிர் விளையும். ஆள் பஞ்சம் வந்ததும், வேண்டாமென்று கோயிலில் தள்ளிவைத்திருந்த பிள்ளைகளை அந்தந்தக் குடும்பங்கள் திரும்பக் கூட்டிக்கொண்டு போகின்றன. கோயில் காலி. வசந்தத்தில் ஊர் ஊராகக் கிண்ணம் கொண்டுபோய் வயலுக்குச் சக்தி கொடுக்க ஆளில்லை. அதனால்தான், அபூர்வமாக அந்தச் சக்தியோடு பிறந்த, வாசல் காவல்காரன் மகளான ஏழு வயது மைனுக்குப் பிரபுக்கள் மட்டுமே போடும் நீல அங்கி கிடைக்கிறது. அவளைப் பார்த்து யாரும் இரங்கவில்லை. பணியிடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவளுக்கு இதைவிட நம்பும்படியாக யார் கதை சொல்ல முடியும்?

அந்த அனுமதிச் சீட்டு விவகாரத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ராஜ்ஜியத்துக்குள் மைன் இருக்கும் குறுநாடு எரன்ஃபெஸ்ட். அதன் தலைவன் சில்வெஸ்டர் ஊரில் இல்லை. அந்த நேரம் பார்த்து அவனைப் பெற்ற வெரோனிகா, கோயிலில் தலைமைக் குருவாக இருக்கும் தம்பிக்காக, வேறொரு குறுநாட்டுப் பிரபு ஒருவன் உள்ளே வரப் போலிச் சீட்டு கொடுத்துவிடுகிறாள். ஒரே ஒரு காகிதம். கோட்டை வாசலில் நிற்கும் சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு வழிவிடுகிறான். அதிலிருந்து பற்றி எரிகிறது எல்லாம்.

உன்னிடம் சொன்னதில்லை. ஒருமுறை அதிகாரி கேம்ப் போயிருந்தபோது பீரோ சாவி என்னிடம் இருந்தது. சீனியர் ஒருவர் தன் மச்சானுக்காக ஒரு சான்றிதழில் ஆபீஸ் சீல் போடச் சொன்னார். "சும்மா ஒரு சீல்தானேம்மா." நான் போடவில்லை. அடுத்த ஒன்றரை வருஷம் ரெக்கார்டு ரூமில் பல்லி முட்டை கூட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் சில்வெஸ்டர் தன் தாயையே அடைத்துவைக்கும் இடத்தில் எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவனுக்கு அது கொண்டாட்டமில்லை. அம்மா செல்லமாக வளர்ந்த பிள்ளை. அந்தக் கசப்பையும் எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தக் கதைப் பிரபுக்கள் கத்தி எடுக்குமுன் வாயைத்தான் எடுக்கிறார்கள். கடவுள் பெயராக அடுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். உள்ளே ஒரு மிரட்டல் இருக்கும். விருந்து கொடுப்பவர் முதல் வாயைத் தான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், விஷமில்லை என்று. இரண்டு பேர் ரகசியம் பேச ஒரு மந்திரக் கருவியைக் கையில் பிடித்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. நம் வீட்டுக் கல்யாணங்களில் அப்படி ஒன்று இல்லாமல் போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானியத் தலைப்பில் 'கெகோகுஜோ' என்று ஒரு சொல் வருகிறதாம். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்ப்பது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அந்த நாட்டில் நடந்த குழப்பத்தோடு ஒட்டிய சொல். 1582-ல் நொபுனாகா என்ற பெரிய போர்த்தலைவரை அவருடைய தளபதி மிட்சுஹிதேயே கியோட்டோவில் ஒரு கோயிலில் சுற்றி வளைத்துத் தற்கொலை செய்துகொள்ள வைத்தானே, அந்த மாதிரி. இந்தப் பெண்ணோ யாரையும் கவிழ்க்க நினைக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு நூலகம். அதற்காக அவள் தூக்கும் ஒவ்வொரு சாமானுக்கு அடியிலும் ஒரு பிரபுவின் கால் மாட்டிக்கொண்டிருக்கிறது!

அவளைப் பிரபு வீட்டுப் பெண்ணாக்கும் ஒப்பந்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஊர்க் கணக்கில் மைன் செத்துப்போனவள், இனி ரோசெமைன். பார்க்கலாம், ஆனால் அப்பா, அம்மா என்று கூப்பிடக் கூடாது. பெற்றவர்கள் விரலைக் கீறி ரத்தத்தால் ஒப்பமிடுகிறார்கள். அக்கா துலி, பெரிய தையல்காரியாகி உனக்கு நானே உடுப்பு தைப்பேன் என்கிறாள். நான் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டு, யார் செத்தது என்றார் உன் அப்பா. யாரும் சாகவில்லை, தத்து போயிருக்கிறாள் என்றேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு கிரிக்கெட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நாலாம் பாகம் நேற்று முடிந்தது. ராஜா ஆணை என்று ஒரு வரியில் கோயிலில் அவளுக்குக் காப்பாளராக இருந்த ஃபெர்டினாண்டை அண்டைக் குறுநாட்டுக்கு மாப்பிள்ளையாக அனுப்பிவிட்டார்கள். வேலை இருந்தால் சாப்பாட்டை மறக்கிற ஆள். அந்தக் குழந்தை நேரம் நின்றுபோகும் பெட்டியில் சமைத்து அடுக்கிக் கொடுக்கிறாள், கெடாமல் இருக்கும். எனக்கு அது ஒன்று கிடைத்தால் உனக்கு மீன்குழம்பே அனுப்புவேன். இப்போதைக்குப் பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் பார்சலில் வருகின்றன.

ஐந்தாம் பாகம் பன்னிரண்டு புத்தகமாம். வாங்கப் போனால் உன் பாஸ்வேர்டு கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு. ஃபெர்டினாண்ட் திரும்பி வருவாரா என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா