கடைசிப் பத்துப் பக்கங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு பதிப்பகங்கள் தங்கள் எழுத்தாளர்களை வாழ்க்கை, நம்பிக்கை, எழுத்து பற்றி எழுதச் சொல்லி வெளியிடுவதைக் குறித்த கட்டுரையைப் படித்தேன். இருபது வருடம் மெய்ப்புப் பார்த்தவள் (அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துபவள்) என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக, அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதிகளாக, அச்சாகின்றன. கதை 150ஆம் பக்கத்தில் முடிந்தாலும் தாள் 160 வரை இருக்கும். நான் வேலை பார்த்த சிறு பதிப்பகத்தில் அந்தப் பத்துப் பக்கத்தை விளம்பரத்துக்கு விடாமல் எழுத்தாளரிடமே கொடுப்பார்கள். அப்பா இறந்தபின் ஒரு வருடம் பிரார்த்தனையே வரவில்லை, விடியற்காலையில் எழுதுவது மட்டும் நிற்கவில்லை என்று ஒருவர் அதில் எழுதியிருந்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மூன்று முறை படித்தேன். அப்புறம் நாவலைத் திரும்ப எடுத்தபோதுதான், வழிபடப் போகும் மகன் ஏன் வாசலிலேயே நின்றுவிடுகிறான் என்பது புரிந்தது.

இதையெல்லாம் விற்பனை உத்தி என்று கட்டுரையாளர் ஒதுக்கியது வருத்தமாக இருக்கிறது. ஆசிரியர் குறிப்பில் பட்டமும் விருதும்தான் இருக்கும்; சந்தேகத்தைச் சொல்ல வேறு இடம் எங்கே? பதிப்பகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பக்கங்களுக்கும் மெய்ப்புப் பாருங்கள், ஆனால் வாக்கியங்களை மெருகேற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்