அக்காவின் மூக்குத்தி

திருநெல்வேலி
ஞாயிறு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

போன மாதம் நீ இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

ஒரு வருஷமாகவே அக்கா போகிற வாசலில் எல்லாம் நிலையில் தோளை இடித்துக்கொண்டிருந்தாள். பழைய வீட்டு நிலை, குறுகல் என்று சிரித்தோம். கண்ணாடிக் கடையில் இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். ஓரத்தில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கண் டாக்டர், வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். வந்த தாளில் வலக்கண்ணுக்கு வலப் பாதியும் இடக்கண்ணுக்கு இடப் பாதியும் கறுப்பு. வண்டிக் குதிரைக்குப் பட்டை கட்டின மாதிரி. "கோளாறு கண்ணில் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுங்கள்" என்றார்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியில் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கட்டி. கண் நரம்புகள் இரண்டும் அதற்கு நேர் மேலேதான் குறுக்கிட்டுப் போகின்றன. கட்டி அவற்றைக் கீழிருந்து முட்டியிருக்கிறது. நல்லவேளை, புற்று இல்லை.

மண்டையைத் திறப்பார்கள், தலைமுடி போய்விடும் என்று அக்காவுக்கு ஒரே கவலை. ஒரு முடிகூடப் போகவில்லை. போனது மூக்குத்திதான், நாற்பது வருஷமாகக் கழற்றாதது, சோப்புக்கும் அசையவில்லை, ஆசாரியைக் கூப்பிட்டு நறுக்க வேண்டியதாயிற்று. மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப் என்ற, உள்ளே பார்க்கும் குழாயை விட்டு, பின்னால் இருக்கும் மெல்லிய எலும்பில் வழி செய்து, கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். காது மூக்கு டாக்டரும் மூளை டாக்டரும் சேர்ந்து நாலு மணி நேரம். 1907-இல் ஆஸ்திரியாவில் ஷ்லோஃபர் என்பவர் இதே வழியில் போக மூக்கையே அறுத்து ஒதுக்க வேண்டியிருந்ததாம்.

முப்பது வருஷம் ஒளியியல் நடத்தினவன் நீ, உனக்கு இது பிடிக்கும். அந்தக் குழாய் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். பழைய குழாய்களில் காற்றுக்கு நடுவே குட்டிக் குட்டி லென்ஸ், படம் மங்கல். 1959-இல் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் அப்படியே திருப்பிப் போட்டார். குழாய் முழுக்கக் கண்ணாடித் தண்டு, நடுநடுவே இருக்கும் காற்று இடைவெளிதான் லென்ஸ்! வெளிச்சம் பல மடங்கு கூடிவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் எனக்கு வேலை. மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் மில்லி கணக்கில் நோட்டில் எழுதினேன். இரண்டாம் நாள் ஆறு லிட்டர் போனதும் பயந்தே போனேன். பிட்யூட்டரி கலங்கினால் அப்படித்தானாம், மாத்திரையில் அடங்கியது. பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருந்த துளிக் கட்டியை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ.

மூன்றாம் நாள் காலை, தலையைத் திருப்பாமலே, "ஓரத்தில் நிற்கிறது நீதானே? ஏன் சவரம் பண்ணவில்லை?" என்றாள்.

இப்போது அவள் கவலையெல்லாம் மூக்குத்தித் துளை தூர்ந்துவிடுமே என்பதுதான். யாரும் பார்க்காத நேரத்தில் ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள். நர்ஸ் கண்டுபிடித்துப் பிடுங்கிப் போட்டார்.

அன்புடன்,
மணி