தொகுப்பு விஷயமாக மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ கேட்டபடி உன் நகைச்சுவைக் கட்டுரைகளைத் தேதி வாரியாக அடுக்கிவிட்டேன். வார இதழில் வந்தவை ஒரு கட்டு, நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்தவை இன்னொரு கட்டு. மேடையில் பேசிவிட்டுப் பிறகு எழுத்தாக்கியவை தனியாக இருக்கின்றன. ஒன்றுகூட விடுபடவில்லை. பொள்ளாச்சியிலிருந்து பத்திரிகைக் கட்டு வந்து சேராத வாரங்களில் உன் அம்மா கோபாலபுரம் வரை ஆள் அனுப்பி வாங்கி வைத்தவையும் இதில் உண்டு. ஒரு பதிப்பகம் தானாகத் தேடி வந்து உன் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறேன் என்பது சின்ன விஷயமல்ல. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு வேறு விஷயங்களில் போய்விடுவேன்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருந்தாய். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வாரத்தில் நீ எழுதியது அன்றைக்கு ஊரையே சிரிக்க வைத்தது. வரிசையில் நின்றவர்களுக்கு இன்றும் சிரிப்பு வரும். இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதற்கு அடிக்குறிப்பு வேண்டும், அடிக்குறிப்பு போட்டுச் சிரிக்க வைக்க முடியாது. விட்டுவிடு. தேர்தல் நேரத்தில் எழுதியவற்றில் பாதியும் அப்படித்தான். ஆனால் 2020இல் நீங்கள் இருவரும் ஊருக்கு வருவதற்காக இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு பாஸ் எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்ற கதையை விடாதே. பாஸ் எல்லாம் ஒருநாள் மறந்து போகும். அதில் வரும் உங்கள் வீட்டு நிபுணர் மறக்க மாட்டார். வெயிலில் நின்ற போலீஸ்காரரிடம் தன் குடையைக் கொடுத்துவிட்டு, முகக்கவசத்தை எப்படிக் கட்டினால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியாது என்று ஒரு வார்த்தை மலையாளம் தெரியாமல் பாடம் நடத்துகிறாரே, அந்த இடத்தை உன் அம்மாவுக்கு எத்தனை தடவை படித்துக் காட்டினாலும் அலுக்காது.

இந்தக் கலையில் நிலைத்து நிற்பது வீடுதான் என்பது என் தீர்மானம். எஸ்.வி.வி.யை எடுத்துக்கொள். திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்தவர், முதலில் ஆங்கிலத்தில் எழுதி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஆனந்த விகடனில் தமிழில் எழுதினார். அவர் எழுதியதில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது புருஷன் பெண்சாதிப் பேச்சு. தேவன் 1957இல் நாற்பத்து மூன்று வயதிலேயே போய்விட்டார், அவர் படைத்த துப்பறியும் சாம்பு இன்னும் போகவில்லை. ஜ.ரா. சுந்தரேசன் தாயார் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்துப் பாக்கியம் ராமசாமி என்று வைத்துக்கொண்டு 1963இலிருந்து குமுதத்தில் அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் நடமாட விட்டார். ஒருவரை விட்டு ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கதைகள் நாலு வாரம் தாண்டியிருக்காது. கோபித்துக்கொள்வதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கட்டுரைகளை அடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. மாசி மாதத்துக்குப் பிறகு நிபுணர் வரவில்லை. அதற்கு முன்னால் அவர் வராத வாரம் அபூர்வம். மிக்ஸியைக் கழற்றி அடுக்களை முழுக்கப் பரப்பினார், இட்லி மாவு பொங்குவதற்கு அறிவியல் காரணம் சொன்னார், கொசுவோடு உடன்படிக்கை பேசினார். மாசியில் ஒரே ஒரு வரி, 'நிபுணர் ஊருக்குப் போயிருக்கிறார்' என்று. அதன் பிறகு எந்தக் கட்டுரையிலும் அவர் திரும்பி வந்ததாக இல்லை.

புத்தகமாகப் படிக்கிறவர்கள் வாரா வாரம் இடைவெளி விட்டுப் படிக்க மாட்டார்கள். ஒரே மூச்சில் படிப்பார்கள். முன்பாதியில் பக்கத்துக்குப் பக்கம் இருந்த மனிதர் பின்பாதியில் இல்லை என்றால், எங்கே அவர் என்று கேட்பார்கள். ஆசிரியர் குழுவில் யாராவது போதும் என்று சொல்லி நிறுத்தினாயா? அல்லது நீயே வேறு விதமாக எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தாயா? எதுவாக இருந்தாலும் முன்னுரையிலாவது ஒரு வார்த்தை எழுதிவிடுவது நல்லது. முன்னுரைக்கு முன்னால் எனக்கு எழுதினாலும் சரி.

மற்ற கட்டுரைகளையும் திரும்பப் படித்தேன். முன்பு உன் அடுப்பில் பால் பொங்கி வழிந்த கட்டுரையில் காலையில் ஒரு லிட்டர். பங்குனியில் எழுதியதில் அரை லிட்டர் பால் இரண்டு நாளைக்கு வருகிறது. 'என் தோழி ஒருத்தி' வாடகைக்கு வீடு தேடிப் போன கட்டுரை வந்திருக்கிறது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளைச் சபையில் கேட்டால் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். வீட்டுக்கார அம்மாள் செருப்பு வைக்கும் பலகையைப் பார்த்து, ஆண் செருப்பு எதுவும் வராதே என்று கேட்கிற இடத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தத் தோழி யார் என்று உன் அம்மா கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

ராத்திரியில் சாப்பிடுகிறாயா? நிகழ்ச்சி முடிந்து பதினொரு மணிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது உடம்புக்கு ஆகாது. எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு. சமீபத்தில் வந்தவற்றில் அவசரம் தெரிகிறது, ஒற்றுப்பிழையும் இருக்கிறது. முன்பெல்லாம் உன் எழுத்தில் சிவப்பு மைக்கு வேலையே இருக்காது.

லக்கிடிக்குப் போய் மலையாளக் கவி குஞ்சன் நம்பியாரின் வீட்டைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? கூத்துக்கு மிழாவு என்ற முழவு கொட்டும்போது கண் அசந்துவிட்ட நம்பியாரைக் கூத்தாடிய சாக்கியார் சபை நடுவில் கேலி செய்தார், நம்பியார் மறுநாளே துள்ளல் என்று புதிதாக ஓர் ஆட்டத்தைக் கட்டி ஆடிக் கூட்டத்தை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று வழிவழியாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். கேட்ட பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். நீ ஒருத்திதான், 'அந்தச் சாக்கியார் அப்புறம் என்ன ஆனார்?' என்று கேட்டாய். இந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும், ஆனால் யாரையும் நோகடிக்க மாட்டாள் என்று அன்றைக்கே நினைத்தேன். மேடைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது ஊரில் பலர் முகம் சுளித்தும் நான் மறுக்காததற்கு அந்தக் கேள்விதான் காரணம். அதனால்தான் சித்தப்பா விஷயத்தில் எனக்கு வருத்தம். பந்தியில் நடந்ததை நீ எழுதினாய், சரி. பெயர் போடவில்லை, அதுவும் சரி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை யார் என்று தெரியாதவர் கிடையாது. அவருக்கு நீ இன்னும் ஒரு போன் செய்யவில்லை. செய்துவிடு. அந்தக் கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்காதே.

என் குடையைப் பற்றியும் பஞ்சாங்கத்தைப் பற்றியும் எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை. மருந்துக்கடைக்காரர் அதைக் கத்தரித்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். பஸ்ஸில் கண்டக்டர் உன்னைப் பற்றிக் கேட்டார். தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் ஊரில், தமிழில் எழுதி ஒருத்தி பேர் வாங்கியிருக்கிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு பெரிய தெம்பு என்பது சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஆதலால் எழுதுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே.

சஞ்சயனைப் பற்றி உனக்கு நான்தான் முதலில் சொன்னேன். தலச்சேரி எம்.ஆர். நாயரின் புனைபெயர் அது. மனைவி போனார், ஒரே மகனும் போனான், அவருக்குக் காசநோய். அதோடுதான் மலையாளிகளைச் சிரிக்க வைத்தார். 1943இல் இறக்கும்போது நாற்பது வயது. நெஞ்சு எரிந்தாலும் சிரிக்க வேண்டும், அதுதான் விதூஷகனின் தர்மம் என்று அவர் பாடியதை நீ மேடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பெரிய மனிதர், பெரிய வார்த்தை. ஆனால் அம்மிணி, அந்த தர்மம் சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. டிக்கெட் வாங்கி வந்தவருக்கு நீ சிரிப்பைக் கொடுக்க வேண்டியதுதான். பெற்றவர்கள் டிக்கெட் வாங்கி வரவில்லை.

நடிகர் இன்னசென்ட்டை நினைத்துப் பார். அத்தனை படங்களில் சிரிக்க வைத்தவர், புற்றுநோய் வந்தபோது அதையே எழுதினார், மனைவி ஆலீசுக்கும் அந்த நோய் வந்ததை எழுதினார். படிப்பவர்கள் சிரித்தார்கள், நோயாளிகளுக்குத் தைரியம் வந்தது. 2023இல் அவர் இறந்தபோது இரிஞ்ஞாலக்குடாவில் எவ்வளவு கூட்டம் என்று டிவியில் பார்த்தோம். அவர் தனக்கு இன்னது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒளித்து வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை. எனக்கு அவர் வழி பிடித்திருக்கிறது.

அம்மா போனில் கேட்டால் 'நன்றாக இருக்கிறார், வேலையாக வெளியே போயிருக்கிறார்' என்கிறாய். மாப்பிள்ளையும் தீபாவளிக்குப் பேசியவர்தான், பொங்கலுக்கும் பேசவில்லை. நாங்களாகப் போன் செய்வது முறையா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறோம். நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. அவர் எங்களிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். உன் அத்தை விஷயத்தில் அந்தக் காலத்தில் அப்பாரு எப்படி நடந்துகொண்டார் என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் அப்படி இனி நடக்காது. நான் இருக்கும்வரை நடக்காது.

ஊர் விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மேற்கே இருக்கும் தென்னையில் வேர் வாடல் கண்டிருக்கிறது, சில மரங்களை வெட்ட வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாடி அறைக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்கு வலை போட்டிருக்கிறேன். மேசையைத் தெற்கு ஜன்னல் பக்கம் நகர்த்தியாகிவிட்டது. வாரக் கட்டுரையை இங்கிருந்தும் எழுதி அனுப்பலாம், இப்போது இணைய வசதி நன்றாகவே இருக்கிறது. பாலக்காடு போகும் இரவு ரயிலில் ஏறினால் காலையில் பொள்ளாச்சியில் இறங்கிவிடலாம். நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். வருகிற கிழமையைச் சொன்னால் போதும், எத்தனை நாள் என்று சொல்ல வேண்டாம்.

கட்டுரைக் கட்டுகளைத் தபாலில் அனுப்பச் சொன்னாய். அனுப்பப் போவதில்லை. வழியில் தொலைந்தால் வேறு பிரதி கிடையாது. நீயே வந்து, எதைச் சேர்ப்பது என்று என்னோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு எடுத்துக்கொண்டு போ. பதிப்பகத்தாரிடம் ஒரு மாதம் தவணை கேள். ராத்திரியில் பட்டினி கிடக்காதே. எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு.

கடிதம் கிடைத்ததும் போன் செய். நான் எடுத்தால் 'அம்மாவிடம் கொடுங்கள்' என்பாயே, இந்த முறை அப்படிச் சொல்லாதே. என்னிடமே பேசு.

அன்புடன்,
அப்பா