என் தங்கச்சியைப் பென்ச்சிலேயே விட்டுவிடாதவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி பக்கம் முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சி பாளையங்கோட்டையில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். இந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில், ஆட்டம் தொடங்கும்போதே இறங்கும் ஐந்து பேரில் ஒருத்தியாக இறங்கினாள். கோப்பை வரவில்லை, அரையிறுதியோடு சரி. ஆனாலும் நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோப்பை வந்த பிறகு சொன்னால் கோப்பைக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

முதலில் மாஸ்டருக்கு. உயரத்தைப் பார்த்துத்தான் அவளை எடுத்தீர்கள். ஊரில் அவள் ஆடியதெல்லாம் கோ-கோவும் கபடியும்தான். கூடைப்பந்துக் கம்பத்தைக் கல்லூரிக்கு வந்துதான் கிட்டத்தில் பார்த்தாள். லே-அப், அதாவது ஓடிவந்து எம்பிக் கூடைக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது, போடச் சொன்னால் கால் குழம்பிவிடும். வலது கையால் போட, வலது, இடது என்று இரண்டு எட்டு வைத்து இடது காலில் எம்ப வேண்டும். இவள் வலது காலில் எம்பிப் பந்தைப் போர்டுக்குப் பின்னால் அனுப்புவாள். இல்லையென்றால் கூட ஒரு எட்டு வைத்து 'டிராவல்' விசில் வாங்குவாள். நீங்கள் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் பாதம் வரைந்து, பந்தே இல்லாமல் அதன்மேல் நடக்கவிட்டீர்கள். ஓட்டம்கூட இல்லை, நடைதான். மற்றவர்கள் மேட்ச் ஆட, இவள் மட்டும் ஓரமாகப் பாண்டி ஆடும் சின்னப்பிள்ளை மாதிரி நொண்டிக்கொண்டிருப்பாள். "மாஸ்டர் என்னைக் கேலி பண்ணுதாரோ" என்று வீட்டில் வந்து அழுதாள். கோடு அழிந்தால் மறுநாள் நீங்களே குனிந்து உட்கார்ந்து வரைவீர்கள் என்று சொன்னதும் அவள்தான்.

அப்புறம், தோற்கிற ஆட்டத்திலும் அவளை இறக்கினீர்கள். "அந்தப் பிள்ளைய எதுக்கு சார் விடுதிய" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தியது என் காதிலும் விழுந்தது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளை ஓரமாக உட்காரவைத்து 'உன் நேரம் வரும்' என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு கெட்ட பெயரும் வந்திருக்காது.

அடுத்து, போன வருடம் படிப்பு முடித்துப் போன கேப்டன் அக்காவுக்கு. ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். இவள் பாதி ஆட்டத்துக்குள் அந்தக் கணக்கை முடித்துவிடுவாள். எதிராளி எறியும்போது கையைக் கீழே இறக்கி அடித்துவிடுவது உயரமான பிள்ளைகளுக்கே உள்ள வியாதி போல. "ஏட்டி, கையை மேல தூக்கிட்டுச் சும்மா நில்லு. நீ நின்னாலே அவளுக்கு ரிங் தெரியாது" என்றீர்களாம். ஒரு சீசன் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது, பஸ்ஸும் இல்லை, பயிற்சியும் இல்லை, இதோடு விட்டுவிடலாம் என்றிருந்தாள். "வண்ணார்பேட்டையில தண்ணி வடிஞ்சிட்டு, கிளம்பி வா" என்று போன் போட்டு அழைத்ததும் நீங்கள்தான்.

பந்து வாங்கப் போன கடையில், ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தைத் தராமல், பெண்களுக்கு 6-ஆம் எண்தான் என்று எடுத்துக் கொடுத்து, பணத்தைத் தவணையில் வாங்கிக்கொண்ட அண்ணாச்சிக்கு நன்றி. சுற்றளவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போலத்தான் குறைவு, ஆனால் கையில் பிடித்தால் வித்தியாசம் தெரிகிறது. பயிற்சி முடிந்து ஓடி வருபவளைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தி வைத்த கண்டக்டருக்கும் நன்றி.

இந்திய அணியின் கேப்டனாக இருந்த அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொல்லிச் சொல்லி, "நீ எப்ப அப்படி ஆவ?" என்று இவளைக் கேட்ட சொந்தக்காரர்களுக்கும் ஒரு கும்பிடு. சென்னையில் பிறந்து வளர்ந்து பதினெட்டு வருடம் இந்தியாவுக்கு ஆடியவரை, லே-அப்புக்கே கால் பின்னும் பிள்ளையோடு ஒப்பிட உங்களால்தான் முடியும். எங்கள் ஆச்சி அப்படியெல்லாம் கேட்கவில்லை. "பந்து பொறுக்கவா மூணு வருசம் போற?" என்று திட்டிக்கொண்டே, பீடி சுற்றிய காசில் ஷூ வாங்கிக் கொடுத்தாள்.

இடது கை லே-அப் இன்னும் வரவில்லை. முதுகலைக்கும் அங்கேயே விண்ணப்பம் போடப் போகிறாள். அதனால் மாஸ்டர், இடம் கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம் உங்கள் பாடு. பரீட்சை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள், ஆச்சி சொதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
அவள் அண்ணன், முக்கூடல்