கயிறு பிடிக்க ஆள் கேட்ட லைன்மேன் அண்ணனுக்கு

அண்ணே, உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேர் போடக்கூடாது என்றீர்கள், போடவில்லை. கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் பண்ணைக்காட்டுக்காரர்கள் யாரென்று கண்டுபிடித்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கஜா புயல் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அதே புயல், அன்று பகலிலேயே திண்டுக்கல் தாண்டி எங்கள் மலைக்கும் வந்தது. பிறந்த ஊரையும் புகுந்த ஊரையும் ஒரே நாளில் ஒரே காற்று அடித்துப்போட்டது. இங்கே ரோடெல்லாம் மரம், கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான் பிறந்த ஊரான வேதாரண்யம் பக்கத்துக் கருப்பம்புலத்தில் அப்பாவும் அம்மாவும் என்ன ஆனார்கள் என்று மூன்று நாள் தெரியாது. நாலாம் நாள் யாரோ ஒரு பையனின் போனில் அம்மா "உசுரோட இருக்கோம், தோப்பு போச்சு" என்று சொன்னார்கள், அதோடு கட்டாகிவிட்டது. எட்டு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்னால் போக முடியவில்லை. அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று இப்போது கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது.

அதற்கு அடுத்த நாள்தான் எங்கள் வீட்டு லைனைச் சரிபண்ண நீங்கள் வந்தீர்கள். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் ஒன்று கம்பியோடு சாய்ந்து கிடந்தது. மழையில் நனைந்துகொண்டே வேலையை முடித்து, நான் கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, "நாளை மறுநாள் எங்களை நாகப்பட்டினம் பக்கம் அனுப்புறாங்கம்மா" என்றீர்கள். எனக்கு வாயில் பேச்சே வரவில்லை. தினத்தாளைக் கிழித்து அப்பா பேரும் ஊரும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். லட்சத்துக்கும் மேல் கம்பம் விழுந்து கிடக்கிற இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு என்ன ஆகும் என்று எனக்கே தெரிந்ததுதான்.

அங்கே போன மூன்றாம் நாள் சாயங்காலம், நாள் முழுக்க வயலில் இடுப்பளவு தண்ணீரில் கம்பம் சுமந்துவிட்டு, யாரிடமோ பைக் இரவல் வாங்கி அப்பாவைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா புயல் நின்ற நாளிலிருந்து யாரிடமும் பேசவில்லையாம். திண்ணையில் உட்கார்ந்து தென்னந்தோப்பைப் பார்ப்பது, எழுந்து போய் விழுந்த மரத்தைத் தொட்டுப் பார்ப்பது, திரும்ப வந்து உட்காருவது. பெத்த பிள்ளை கைவிட்டாலும் வச்ச பிள்ளை கைவிடாது என்பார் அடிக்கடி. அவர் வைத்த பிள்ளைகள் அத்தனையும் ஒரே ராத்திரியில் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டன. வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். நிவாரணம் வரும், கணக்கெடுக்க வருவார்கள், 1952 புயலையே பார்த்த ஊர் இது, எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

நீங்கள் ஆறுதலே சொல்லவில்லையாம். சீட்டைக் காட்டி, "உங்க பொண்ணு வீட்டுக்கு லைன் கொடுத்தவன் நான்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா வைத்த ரசத்தை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். கிளம்பும்போது, "ஐயா, நாளைக்குக் கம்பம் நிறுத்தக் கயிறு பிடிக்க ஒரு ஆள் குறையுது. வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறுபத்தெட்டு வயதுக்காரரை! அம்மா பயந்துபோய் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா கேட்டாராம், "எத்தனை மணிக்கு?"

அத்தனை நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

தோப்பில் இளநீர்க் குலை இறக்குகிற வடக்கயிற்றை எடுத்துக்கொண்டு விடியும் முன்னே போய் நின்றிருக்கிறார். நீங்கள் அவரைப் பத்திரமாகத் தள்ளி நிறுத்தி, கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற பக்கக் கயிற்றைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். ஒருநாள் இல்லை, ஆறு நாள். ஆள் குறைந்ததா, இல்லை அப்பாவுக்காகக் குறைத்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பா எனக்குப் போன் பண்ணினார். நலம் விசாரிக்கவில்லை, தோப்பைப் பற்றிப் பேசவில்லை. "ஒம்பது மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர் குழி தோண்டணும்மா, ஆறில ஒரு பங்கு மண்ணுக்குள்ள இருந்தாத்தான் நிக்கும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாதுல்ல, அது என்ன பண்ணும் பாவம்" என்றார். அப்புறம் அழுதார். நானும் அழுதேன். அவர் அழுததைக் கேட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எப்படிச் சொல்வது. அத்தனை நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது கரைந்ததே, அதுவே போதும்.

இன்னும் நிறையப் பேருக்கு நன்றி சொல்லவேண்டும். அம்மாவுக்குப் போன் கொடுத்த அந்தப் பையன், ஊத்து என்கிற ஊர் வரை ரோட்டில் கிடந்த மரங்களை ராத்திரி பகலாக அறுத்துத் தள்ளிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள், ஜெனரேட்டரில் ஊர் போனுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக் காசு வாங்காத கடைக்கார அண்ணாச்சி, மலையிலிருந்து கம்பளியும் வாழைக்காயும் ஏற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டி வரை போன லாரிக்காரர்கள், கேரளாவிலிருந்து வந்து டெல்டாவில் கம்பம் நட்ட மின்வாரியத்துக்காரர்கள். என் குழந்தையைத் தன் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா. உங்கள் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கரண்ட் கம்பம் என்று ஒன்று இருப்பதையே நான் இதற்கு முன் கவனித்ததில்லை. இப்போது வத்தலக்குண்டுக்குப் பஸ்ஸில் இறங்கும்போது ஒவ்வொரு கம்பத்தையும் பார்க்கிறேன். இதை யார் தோளில் தூக்கி வந்தார்கள், யார் கயிறு பிடித்தார்கள் என்றுதான் தோன்றுகிறது. இனி கரண்ட் போனால் ஒரு சொல் முணுமுணுக்க மாட்டேன். மழையில் எங்கள் தெருவுக்கு யார் கம்பம் ஏற வந்தாலும் சூடாக ஒரு வாய் குடிக்காமல் போகவிடமாட்டேன், இது சத்தியம்.

அப்பா மறுபடி பிள்ளை வைக்க ஆரம்பித்துவிட்டார். முதல் வரிசைக்குக் குழி தோண்டியாகிவிட்டது. காய்க்க ஏழு வருஷம் ஆகும், என் மகள் அப்போது ரெண்டாம் வகுப்பில் இருப்பாள். அந்த ஏழு வருஷக் கணக்கை அவரே உட்கார்ந்து போட்டுச் சொன்னார் அண்ணே, அவரே.

பொங்கலுக்கு உங்களைக் குடும்பத்தோடு கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். கயிற்றைக் கழுவிக் காயவைத்துப் பரணில் வைத்திருக்கிறாராம், நீங்கள் கேட்டால் காட்டச் சொன்னார்.