ஆட்டிசம்: மருத்துவரைப் பார்த்த பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் சென்ற இதழில் வெளியான ஆட்டிசம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, வேண்டியதைச் சுட்டுவிரலால் காட்டாமல் பெரியவர் கையைப் பிடித்து இழுத்துப் போவது, பேசிக்கொண்டிருந்த சில சொற்களும் ஒன்றரை வயது வாக்கில் நின்றுபோவது எனப் பெற்றோர் கவனிக்க வேண்டியவற்றைக் கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் 'உடனே மருத்துவரை அணுகுங்கள்' என்ற வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. வட்டார வள மையத்திலிருந்து அரசுப் பள்ளிகளுக்குச் செல்லும் சிறப்புப் பயிற்றுநரான நான் அன்றாடம் பார்ப்பது அந்த வரிக்குப் பிறகு வரும் ஆண்டுகளை.

மருத்துவரிடம் போவதற்கே பல வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. 'ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்', 'இவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தார்' என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். பெண் குழந்தையாக இருந்தால் 'அமைதியான பிள்ளை' என்ற பாராட்டே கிடைத்து, பள்ளியில் சேரும்வரை யாருக்கும் ஐயம் எழுவதில்லை. முதலில் செவித்திறன் பரிசோதனை, பிறகு குழந்தை நல மருத்துவர் என்ற வரிசையில் போவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இந்த மையங்கள் இருப்பதே தெரியாமல் தனியார் பயிற்சி நிலையங்களுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

பாதிப்பு உறுதியானதும் வீட்டில் முதலில் நடப்பது விசாரணை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தாய். 1950களிலும் 60களிலும் மேலை நாடுகளில் தாயின் பாசக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று உளவியல் அறிஞர்களே எழுதினார்கள். ஆட்டிசம் கொண்ட மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே அந்தப் பழி தளரத் தொடங்கியது. நம் ஊரில் இன்று அதே பழி, 'நீ போனைக் கையில் கொடுத்ததால்தான் இப்படி' என்ற வடிவில் வருகிறது. கைபேசியிலேயே மூழ்கிக் கிடக்கும் குழந்தையோடு பேசுவோர் குறைகிறார்கள், அதனால் பேச்சுப் பழக்கம் பாதிக்கப்படலாம் என்பது உண்மை. ஆட்டிசம் அதனால் உண்டாவதில்லை. கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு இது; இதில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியைக் காரணம் காட்டி 1998இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையை அவ்விதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகும், அந்த அச்சத்தால் இரண்டாவது பிள்ளைக்கு ஊசி போட மறுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். காலை வழிபாட்டின் ஒலிபெருக்கி, தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, சத்துணவுக் கூடத்திலிருந்து வரும் அவித்த முட்டை வாசனை, சீருடைச் சட்டையின் கழுத்தில் உறுத்தும் சிறு துணிச்சீட்டு ஆகியவை மற்றப் பிள்ளைகளுக்குப் பொருட்டே அல்ல. இந்தக் குழந்தைகளில் பலருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று தாங்க முடியாத வதை. காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடும் குழந்தையின் வருகைப் பதிவேட்டுக் குறிப்பில் 'அடம்', 'கட்டுப்பாடு இல்லை' என்று எழுதப்படுகிறது. வரிசையின் கடைசியில் ஒலிபெருக்கிக்கு எட்டி நிற்க விடுவது, மணி அடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவைப்பது, சட்டையின் துணிச்சீட்டை வெட்டிவிடுவது போன்றவற்றுக்கு எந்தத் திட்ட நிதியும் வேண்டியதில்லை. வழிபாடு, தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று அன்றைய வரிசையைப் படங்களாக ஓர் அட்டையில் ஒட்டி மேசையில் வைத்தால், 'அடுத்து என்ன' என்ற பதற்றம் பாதிக்குமேல் அடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். படங்களைப் பழக்கினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டதைப் பெறும் வழி ஒன்று கிடைத்த பிறகு பேச்சும் கூடவே வருகிற பிள்ளைகளே என் அனுபவத்தில் அதிகம்.

நான் செல்லும் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நினைத்த நேரத்தில் ஒரு தேயிலை விளம்பர வசனத்தைச் சத்தமாகச் சொல்வான். வகுப்பே சிரிக்கும். சில வாரங்கள் கூர்ந்து கவனித்த அவன் வகுப்பாசிரியை, சத்துணவுக் கூடத்தில் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அந்த வசனம் வருவதைக் கண்டுபிடித்தார். 'பயமாக இருக்கிறது' என்பதற்கு அவனிடம் இருந்த சொற்கள் அவைதாம். பணிமூப்பு மிக்க அந்த ஆசிரியை எந்தச் சிறப்புப் பயிற்சியும் பெற்றவர் அல்லர். ஆனால் நாள்தோறும் அவனோடு இருந்தார். வாரம் ஒருமுறை வந்துபோகும் என்னால் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

சிக்கலின் மையமே அந்த 'நாள்தோறும்' தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் இந்தக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. 'எங்களிடம் வசதி இல்லை, வேறு நல்ல பள்ளி பாருங்கள்' என்று மென்மையாகப் பேசி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் தனியார் பள்ளிகளுக்கு இது தெரியாததல்ல. அரசுப் பள்ளிகள் சேர்த்துக்கொள்கின்றன. சேர்த்த பிறகு உடனிருக்க ஆள் இல்லை. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், உயர்தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் விகிதம் வகுக்கப்பட்டு, அதன்படி பணியிடங்களை உருவாக்கி நிரப்புமாறு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எங்களைப் போன்றோரோ தொகுப்பூதியத்தில், ஓர் ஒன்றியத்தின் பள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டு பேருந்தில் அலைகிறோம். திங்களன்று பார்த்த பிள்ளையை அடுத்த திங்கள்தான் பார்க்க முடிகிறது. இடையில் விடுமுறையோ கணக்கெடுப்புப் பணியோ வந்தால் அதுவும் இல்லை. மருத்துவ முகாம் நடத்தி அடையாள அட்டை வழங்கிய எண்ணிக்கையை அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. எத்தனை வகுப்பறைகளில் சிறப்பு ஆசிரியர் ஒருவர் நாள் முழுதும் இருந்தார் என்ற எண்ணையும் அதனருகே அச்சிட வேண்டும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் குறித்தும் ஒரு சொல். 40 கேள்விகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோலின்படி பாதிப்பின் சதவீதம் கணக்கிடப்படுகிறது. முகாமின் நெரிசலில், அறிமுகமில்லாத மருத்துவர் முன்னால் சில நிமிடங்கள் உட்காரும் குழந்தையை வைத்து அதை நிறைவாகச் செய்துவிட முடியாது. வகுப்பாசிரியரின் எழுத்துக் குறிப்பைப் பெற்றோர் கையோடு கொண்டுபோவது நல்லது. 18 வயதுக்குப் பிந்தைய காப்பாளர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம் என்பதையும், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதையும் தங்கள் இதழ் தனிக் கட்டுரையாகவே வெளியிடலாம்.

இறுதியாக, தங்களிடமே ஒரு முறையீடு. அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில், ஆட்டிசத்தைச் சில மாதங்களில் முற்றிலும் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரம் ஒன்று வந்திருந்தது. இப்படிக் குணமளிப்பதாகச் சொல்லப்படும் ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க இயலாது என்றும், அப்படி விளம்பரம் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே தெரிவித்துவிட்டது. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல் பயிற்சி, பொருத்தமான கல்வி ஆகியவற்றால் குழந்தை வளர்கிறது, முன்னேறுகிறது. ஆட்டிசத்தையே நீக்கும் மருந்து எதுவும் இல்லை. தங்கள் கட்டுரையை நம்பிப் படிக்கும் தாய் எதிர்ப்பக்கத்தையும் அதே நம்பிக்கையோடுதான் படிப்பார். இத்தகைய விளம்பரங்களை இனி ஏற்பதில்லை என்று தாங்கள் முடிவெடுத்து, அதை அடுத்த இதழிலேயே அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்
(தொகுப்பூதியப் பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)